சூப் போதாது, கறியும் வேண்டும்

எங்கள் திண்டுக்கல் பக்கத்தில் "பிள்ளைக்குக் கறி கொடுக்க ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டால், "ஓ, சூப் கொடுக்கிறோமே" என்றுதான் பதில் வரும். நெஞ்செலும்பை மிளகு, சீரகம் தட்டிப்போட்டுக் கொதிக்கவிட்டு, வடிகட்டி, மேலாகத் தெளிந்த நீரை ஆறவைத்துப் புகட்டுவார்கள். அடியில் வெந்து கிடக்கும் கறியைப் பெரியவர்கள் சாப்பிட்டுவிடுவார்கள். பிள்ளைக்கு எது தேவையோ அது பெரியவர்கள் தட்டுக்குப் போய்விடுகிறது. என் மகளுக்கு இணை உணவு கொடுத்த காலத்தில் நான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான். இங்கேயும் அதையே சொல்லப்போகிறேன், எப்படிச் செய்தோம் என்ற விவரங்களோடு.

மருத்துவர் சொன்ன தேதிக்கு முன்பே மகள் பிறந்துவிட்டாள். எடையும் கொஞ்சம் குறைவு. இரும்புச்சத்துச் சொட்டு மருந்து முதலிலிருந்தே கொடுத்துவந்தோம். ஆறு மாதம் முடிந்து எடை பார்க்கப் போனபோது குழந்தை மருத்துவர், "இனிமே கூழோட கறியும் ஆரம்பிச்சிடுங்க. சூப் இல்லைம்மா, கறி" என்றார். ஏன் என்றும் பொறுமையாக விளக்கினார். வயிற்றில் இருக்கும் கடைசி மூன்று மாதங்களில்தான் குழந்தை தாயிடமிருந்து இரும்புச்சத்தைப் பெருமளவு வாங்கிச் சேர்த்துவைக்கிறது. நிறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு அந்தச் சேமிப்பு ஏறக்குறைய ஆறு மாதம் தாங்கும். முன்கூட்டியே பிறந்தாலோ, எடை குறைந்து பிறந்தாலோ அதற்கு முன்பே தீர்ந்துவிடும். தாய்ப்பாலில் இருக்கும் இரும்பு எளிதாக உடம்பில் சேரும் என்பது உண்மை. ஆனால் அளவு மிகக் குறைவு, லிட்டருக்கு அரை மில்லிகிராம்கூட வராது. மூளை மளமளவென்று வளரும் மாதங்களில்தான் கையிருப்பு குறைந்துபோகிறது.

இது முன்கூட்டிப் பிறந்த பிள்ளைகளின் பிரச்சினை மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதற்கு முந்தைய ஆய்வில் இது 50.7 சதவீதம். அதாவது கூடியிருக்கிறது. இந்தியா முழுவதற்கும் 67.1 சதவீதம். தெருவுக்கு ஒரு பிரியாணிக் கடையும் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் வரிசையும் இருக்கிற மாநிலத்தில், பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் ரத்தம் குறைந்து இருக்கிறார்கள் என்பது எனக்கு மனம் ஆறாத விஷயம். உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 6 மாதம் முதல் 23 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்குக் கறி, மீன், முட்டை போன்ற ஏதாவது ஒன்று தினமும் கிடைக்க வேண்டும் என்கிறது. தினமும்!

கறியில் இருக்கும் இரும்புக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. கீரை, கேழ்வரகு, பருப்பில் இருக்கும் இரும்பில் சிறு பங்குதான் ரத்தத்தில் சேரும். கறியின் சிவப்பில் இருக்கும் இரும்பு அதைவிட நன்றாகச் சேரும். கூடவே, பருப்புச் சோற்றோடு கறியைச் சேர்த்துக் கொடுத்தால் பருப்பில் உள்ள இரும்பும் கூடுதலாகச் சேரும். துத்தநாகம், பி12 இரண்டும் சேர்ந்தே கிடைக்கின்றன. சூப்பில் இவையெல்லாம் ஏன் இல்லை என்றால், அந்த இரும்பு சதைக்குள்ளேயே பிணைந்து இருக்கிறது. கொதிக்கும்போது சதை இறுகுகிறது, இரும்பில் பெரும்பங்கு அதோடு தங்கிவிடுகிறது. நீரில் இறங்குவது வாசனை, கொழுப்பு, கொஞ்சம் பசை. எலும்பில் உள்ள சுண்ணாம்புச் சத்துகூட அவ்வளவாகக் கரைவதில்லை. இன்னொன்று, பிள்ளையின் வயிறு சின்னது. அரைக் கிண்ணம் சூப் குடித்தால் வயிறு நிறைந்துவிடும். அப்புறம் பாலும் வேண்டாம், சோறும் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சூப் கெடுதல் என்று நான் சொல்லவில்லை. கறியை அரைக்கும்போது ஊற்றுவதற்கு அதைவிட நல்ல நீர் கிடையாது.

வீட்டில் அத்தைக்கு இது ஒப்பவில்லை. "பல்லே முளைக்கலை, அதுக்குள்ள கறியா? மாந்தம் வந்துடும்மா" என்றார். மாந்தம் என்ற பயம் எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு ஆழமாக இருக்கிறது. வயிறு உப்பி, பால் செரிக்காமல், பச்சையாகப் போய்ச் சோர்ந்து கிடந்த பிள்ளைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். அந்தப் பயத்தை ஒதுக்கிவிட்டு நான் மட்டும் தனியாகச் சமைத்துக் கொடுத்திருந்தால் வீட்டில் நிம்மதி இருந்திருக்காது. அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அத்தையையும் அழைத்துப் போனேன். அவர் அத்தையிடம் நேரடியாகவே பேசினார். ஆறு மாதத்தில் குழந்தையின் வயிற்றுக்கும் குடலுக்கும் கறியின் புரதத்தைச் செரிக்கும் திறன் வந்துவிடுகிறது, பல்லின் வேலையை நாம் அரைத்துச் செய்துவிடலாம், வயிறு கெடுவது பெரும்பாலும் கிருமியால், அதற்குக் கையும் பாத்திரமும் சுத்தமாக இருக்க வேண்டும், நன்றாக வேக வேண்டும் என்றார். அத்தை பிடித்துக்கொண்டது அந்தக் கடைசி விஷயத்தை. அன்றிலிருந்து குழந்தையின் கிண்ணத்தையும் கரண்டியையும் வெந்நீரில் போட்டு எடுக்காமல் யாரையும் தொடவிடவில்லை.

குழந்தை தயாரா என்று பார்ப்பது எளிது. பிடித்து உட்காரவைத்தால் தலை ஆடாமல் நிற்க வேண்டும். நாம் சாப்பிடும்போது கண் நம் கையோடு போக வேண்டும். வாயில் வைத்ததை நாக்கு உடனே வெளியே தள்ளாமல் இருக்க வேண்டும். முதலில் அரிசிக்கஞ்சி, பருப்பு, காய் என்று சில நாட்கள் பழக்கிவிட்டுக் கறிக்கு வந்தோம். இதெல்லாம் முடிந்து கடைசியில்தான் கறி என்று மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை.

இனி கறிக்கடை. கொத்துக்கறி வாங்கினால் வேலை மிச்சம் என்று தோன்றும். குழந்தைக்கு அது வேண்டாம். புளியமரக் கட்டையில் வைத்துக் கத்தியால் கொத்தும்போது எலும்புச் சில்லும் மரத்தூளும் கலந்து வரும். பெரியவர்கள் பல்லில் கடிபட்டால் துப்பிவிடுவோம், பிள்ளைக்கு அது தெரியாது. நான் வழக்கமாக வாங்கும் கடையில், "பாய், ஆறு மாசப் பிள்ளைக்கு. இளங்கறியா, பின்னந்தொடையில எலும்பில்லாம ஒரே துண்டா வேணும்" என்று கேட்டேன். அவர் கத்தியை மாற்றி, எலும்பிலிருந்து சதையைச் சீவி, மேலே ஒட்டியிருந்த சவ்வையும் உரித்துக் கொடுத்தார். "கூட்டத்துல வராதம்மா, வெள்ளனா வா, பார்த்துத் தரேன்" என்றும் சொன்னார். கால் கிலோவுக்குக் குறைவாகக் கேட்கத் தயங்க வேண்டாம். பிள்ளைக்கு என்று சொன்னால் எந்தக் கடைக்காரரும் முகம் சுளிப்பதில்லை.

சமைப்பது இப்படி. கறியை வீட்டில் நரம்பு போகும் திசைக்குக் குறுக்காகச் சின்னச் சின்னதாக நறுக்க வேண்டும். நீளவாக்கில் நறுக்கினால் எவ்வளவு அரைத்தாலும் நார் நாராக நிற்கும். இரண்டு சின்ன வெங்காயம், ஒரு பல் பூண்டு, சிட்டிகை மஞ்சள்தூள், கொஞ்சம் சீரகம், கறி மூழ்கும் அளவு தண்ணீர். உப்பு கிடையாது, மிளகாய் கிடையாது. குக்கரில் ஆறேழு விசில் விட்டு, பிறகு பத்து நிமிடம் சிம்மில் வைத்து, ஆவி தானாக அடங்கும்வரை விட்டுவிடுவேன். விரலால் அழுத்தினால் துண்டு உதிர வேண்டும். உதிரவில்லை என்றால் இன்னும் இரண்டு விசில்.

வெந்த கறியை உடனே மிக்ஸியில் போடக் கூடாது. தட்டில் பரப்பி, ஒவ்வொரு துண்டாக எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கிப் பார்க்க வேண்டும். கடையில் எவ்வளவு கவனமாகச் சீவிக் கொடுத்தாலும், அரிசி நுனி அளவு எலும்பு ஒன்றாவது எப்போதாவது அகப்படும். கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தட்டுப்படும். இந்த வேலையை அத்தையிடம் கொடுத்தேன். மீன் முள் எடுத்துப் பழகிய விரல்கள் அவருடையவை. கண்ணாடி போடாமலே சில்லைக் கண்டுபிடித்துத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைப்பார், கூடவே நரம்பையும் கொழுப்பையும் கிள்ளி எடுத்துவிடுவார். மாந்தம் வரும் என்று பயந்தவர், பிறகு என்னைவிட அக்கறையாகக் கறி பிசைய உட்கார்ந்தார்.

அரைப்பதில் ஒரு சிக்கல் வரும். கொஞ்சம் கறியைத் தனியாகச் சட்னி ஜாரில் போட்டால் அது சுவரில் ஒட்டிக்கொள்ளும், பிளேடு வெறுமனே சுற்றும். நன்றாகக் குழைந்த சோறோ, வெந்த கேரட்டோ, பாசிப்பருப்போ சேர்த்து, வேகவைத்த நீரையும் ஊற்றி அரைத்தால் வெண்ணெய் மாதிரி வரும். சூடாக அரைக்காதீர்கள், மூடி தெறித்துவிடும். கிண்ணத்தில் எடுத்த பிறகு அரை ஸ்பூன் நெய்யோ நல்லெண்ணெயோ விட்டுக் கலக்குவேன். நார்க் கறி தொண்டையில் வறண்டு இறங்காது, எண்ணெய்ப் பதம் வேண்டும்.

முதல் வேளை, காலையில் கொடுத்தோம். ஒவ்வாமை ஏதாவது வந்தால் பகலில் மருத்துவரிடம் ஓட முடியும் என்பதற்காக. கறிக்கு ஒவ்வாமை வருவது அரிதுதான். அரை டீஸ்பூன் மட்டும், ஏற்கெனவே பழகிய பருப்புச் சோற்றில் கலந்து. மகள் முகத்தைச் சுருக்கி, பாதியை நாக்கால் தாடைக்குத் தள்ளி, அப்புறம் அந்தத் தாடையைக் கையால் தடவி, கையை வாயில் வைத்துக்கொண்டாள். முகம் சுருக்கினால் பிடிக்கவில்லை என்று பலர் அன்றோடு விட்டுவிடுகிறார்கள். புது ருசி எதுவாக இருந்தாலும் பிள்ளைகள் அப்படித்தான் பார்க்கும். வற்புறுத்தாமல் இரண்டு நாள் விட்டு மறுபடி கொடுங்கள், மறுபடியும் கொடுங்கள். பழகிய ருசியாக மாற அதற்குக் கொஞ்ச காலம் ஆகும். அளவை மெதுவாகக் கூட்டி, எட்டு மாதவாக்கில் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு மேசைக்கரண்டிக் கறி என்று வந்தோம். மலம் கொஞ்சம் இறுகும், நிறம் கறுக்கும், வாடையும் மாறும். அது இயல்பு. இடையிடையே ஓரிரு மடக்குக் காய்ச்சி ஆறிய நீரும், மசித்த பப்பாளியும் கொடுத்தால் சரியாகிவிடும்.

தினமும் கறி வாங்க யாரால் முடியும்? செலவும் கட்டாது, செவ்வாய், வெள்ளி, அமாவாசை, கிருத்திகை என்று வீட்டில் கறி அடுப்பேறாத நாட்களும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை வேகவைத்து அரைத்ததை ஐஸ் ட்ரேயில் ஊற்றி, மூடி, ஃப்ரீசரில் வைத்துவிடுவோம். ஒரு கட்டி ஒரு வேளைக்கு. எவர்சில்வர் டம்ளரில் கட்டியைப் போட்டு வெந்நீரில் நிறுத்திக் கரைத்து, பிறகு சின்ன வாணலியில் ஆவி பறக்கக் கொதிக்கவைத்து, ஆறவைத்துக் கொடுப்போம். உருகியதை மறுபடி உறையவைக்கக் கூடாது. பிள்ளை சாப்பிட்டு மிச்சம் வைத்ததையும் எடுத்துவைக்கக் கூடாது, எச்சில் பட்டதில் கிருமி வேகமாகப் பெருகும். எங்கள் தெருவில் கரண்ட் அடிக்கடி போகும் என்பதால் இரண்டு வாரத்துக்கு மேல் எதையும் வைத்துக்கொள்வதில்லை. நெடுநேரம் கரண்ட் இல்லாமல் கட்டி இளகிவிட்டால் யோசிக்காமல் கொட்டிவிடுவது நல்லது.

புரட்டாசிதான் எங்களுக்குக் கடினமாக இருந்தது. மாமா பெருமாளுக்கு விரதம் இருப்பவர். அந்த மாதம் முழுக்க வீட்டில் முட்டைகூட உடையாது. "பிள்ளைக்கு ஏது விரதம்" என்று அவரே சொன்னார். ஆனாலும் அதே அடுப்பில் சமைக்க எனக்கு மனம் வரவில்லை. பக்கத்துத் தெருவில் இருக்கும் அம்மா வீட்டில் சமைத்து அங்கேயே ஊட்டிவிட்டு வருவேன். முடியாத நாட்களில் பாசிப்பருப்பு, கேழ்வரகு, கூடவே நெல்லிக்காய்ச் சாறோ தக்காளியோ. வைட்டமின் சி சேரும்போது செடியிலிருந்து வரும் இரும்பு கூடுதலாக உடம்பில் ஏறும். கறியே தொடாத சைவக் குடும்பங்களும் பிள்ளையை நன்றாக வளர்க்க முடியும். அவர்கள் இரும்பு, பி12 இரண்டையும் மருத்துவரிடம் கேட்டு முன்கூட்டியே பார்த்துக்கொள்வது அவசியம். கறி சாப்பிடும் வீட்டில், பிள்ளைக்கு மட்டும் வருடக்கணக்கில் கொடுக்காமல் விடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அத்தை ஒருநாள், "அந்தக் காலத்துல ரத்தம் ஊறச் சுவரொட்டி சுட்டுக் கொடுப்போம்" என்றார். சுவரொட்டி என்பது ஆட்டின் மண்ணீரல், ஈரலைவிட இரும்பு மிகுந்தது. பெரியவர்கள் காரணம் தெரியாமல் சொல்லவில்லை. மருத்துவரிடம் கேட்டதற்கு, சுட்டால் உள்ளே வேகாமல் இருக்கும், வேகவைத்து ஒரு ஸ்பூன் அளவு, வாரம் ஒருமுறை போதும் என்றார். ஈரலுக்கும் அதே கணக்கு. அதில் வைட்டமின் ஏ ஏராளம் என்பதால் தினமும் கொடுத்தால் மிகையாகிவிடும். சவ்வை உரித்து வேகவைத்தால் ஈரல் கையாலேயே மசியும், மிக்ஸிகூட வேண்டாம்.

கோழியில் நெஞ்சுக்கறியைவிடத் தொடைக்கறியில் இரும்பு அதிகம், ருசியும் மென்மையும் அதிகம். ஆனால் காலில் பெரிய எலும்போடு ஒட்டி ஊசி மாதிரி ஒரு மெல்லிய எலும்பு இருக்கும், அதைப் பார்த்து எடுக்க வேண்டும். நாட்டுக்கோழி நல்லதுதான், வேக நேரமாகும். மீனில் சுறா வேண்டாம், பாதரசம் சேரும் மீன் அது. முட்டையை நன்றாக வேகவைத்து, மஞ்சள், வெள்ளை இரண்டையும் கொடுக்கலாம். நக்கெட்ஸ், சாசேஜ் பக்கமே போக வேண்டாம், உப்பு அவ்வளவு.

உப்பு என்றதும் இன்னொரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். விருந்துக்குப் போனால், குழம்பில் கிடக்கும் கறியை எடுத்துத் தண்ணீரில் அலசி, "இப்ப காரமே இல்லை" என்று பிள்ளை வாயில் வைக்க வருவார்கள். அலசினால் மேலே உள்ள மசாலாதான் போகும். உப்பும் காரமும் உள்ளே ஊறியிருக்கும். அதைவிடப் பெரிய பயம், அது முழுத்துண்டு. பல் இல்லாத வாயில் வழவழப்பான துண்டு நேராகத் தொண்டைக்குப் போய் அடைத்துக்கொள்ளும். நல்லி எலும்பைச் சப்பக் கொடுப்பதும் அப்படித்தான். வெட்டிய எலும்பின் விளிம்பு கூர்மையாக இருக்கும். அன்பாகக் கொடுப்பவர்களிடம் முகம் கோணாமல், "டாக்டர் மசிச்சுத்தான் கொடுக்கச் சொல்லியிருக்கார் சித்தி" என்று டாக்டர் மேல் போட்டுவிடுவேன். பிள்ளை சாப்பிடும்போது ஒரு பெரியவர் எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும். குமட்டி, இருமி, முகம் சிவந்தால் அது தானே சரிசெய்துகொள்கிறது, பதறி விரலை வாய்க்குள் விட வேண்டாம். சத்தமே வராமல், மூச்சுத் திணறி, உதடு நீலமானால் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு வயதுக்குள் இருந்தால் குப்புற, தலை தாழ்வாக முன்கையில் போட்டுத் தோள்பட்டைகளுக்கு நடுவில் ஐந்து தட்டு. வெளியே வராவிட்டால் மல்லாத்தி நெஞ்சு நடுவில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து அழுத்து. மாற்றி மாற்றி இப்படிச் செய்துகொண்டே 108க்குச் சொல்ல வேண்டும். வீட்டில் பிள்ளைக்கு ஊட்டுகிற எல்லோருக்கும் இதை ஒருமுறை பொம்மையில் செய்து காட்டினோம், மாமா உட்பட.

வெண்ணெய்ப் பதத்திலேயே நின்றுவிடவும் கூடாது. எட்டாம் மாதத்தில் மிக்ஸியை இரண்டு சுற்றோடு நிறுத்தினோம், ஒன்பதில் கையால் பிய்த்துப் பொடிப்பொடியாக. மெல்லும் பழக்கம் வர வேண்டிய மாதங்கள் இவை. இந்த வயதைத் தாண்டியும் கூழாகவே கொடுத்துவந்தால், பிறகு கட்டியாக எது கொடுத்தாலும் துப்பும் பிள்ளையாகிவிடும்.

பசும்பாலை ஒரு வயதுவரை குடிக்கக் கொடுக்கவில்லை. அதில் இரும்பு மிகக் குறைவு, சில குழந்தைகளுக்குக் குடலில் நுண்ணிய ரத்தக்கசிவும் வரலாம். டீயில் பிஸ்கட் நனைத்து ஊட்டுவதை இன்னும் நிறைய வீடுகளில் பார்க்கிறேன். டீ, சாப்பிட்ட இரும்பையும் சேரவிடாமல் தடுக்கும். தேனும் ஒரு வயதுவரை நாக்கில்கூட வேண்டாம். அங்கன்வாடி, ஆரம்ப சுகாதார நிலையம் வழியாக ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை வாரம் இருமுறை 1 மில்லி என்று இரும்புச்சத்து சிரப் இலவசமாகக் கிடைக்கிறது. கறி கொடுக்கிறோமே என்று அதை விட்டுவிடாதீர்கள். மருத்துவர் ஏற்கெனவே தனியாகச் சொட்டு மருந்து எழுதியிருந்தால் மட்டும் இரண்டும் சேரலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு வயது நெருங்கியபோது தனிச்சமையல் தேவைப்படவில்லை. எங்களுக்குக் குழம்பு வைக்கும்போது கறி வெந்ததும், மிளகாய்த்தூளும் உப்பும் போடுவதற்கு முன்பே அவள் பங்கை எடுத்துவிடுவோம். அதைப் பிய்த்துச் சோற்றில் பிசைந்து, வேகவைத்த நீரை இரண்டு கரண்டி விட்டால் முடிந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமை குக்கர் திறக்கும்போது முதல் தட்டு அவளுடையது, எங்களுக்கு அதற்குப் பிறகுதான்.